தண்ணீர் படாத பக்கங்கள்

பழனியப்பனுக்குக் கண் ஒரே நாளில் போகவில்லை. முதலில் தூரத்தில் வரும் பஸ்ஸின் எண் மங்கியது. அடுத்த மழைக்காலத்தில் எதிரே நிற்பவர் முகம் மங்கியது. பல வருஷத்துச் சர்க்கரையின் வேலை என்றார் டாக்டர். ஐம்பத்திரண்டு வயதில், அறைக்குள் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும் என்ற அளவில் பார்வை வந்து நின்றது.

அதற்குப் பிறகு அவர் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள், அலமாரியின் மேல்தட்டில் கிடந்த நீல அட்டை நோட்டு. அவர் மனைவி விஜயகுமாரி எடுத்துக் கொடுத்தார். ஆனால் விஜயகுமாரிக்கு அதைப் படிக்க வராது. ரங்கூனில் தின்கன்ஜூன் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர்; தமிழ் பேசுவார், எழுத்து என்றால் பர்மிய எழுத்துதான். நோட்டு முழுக்கத் தமிழில் இருந்தது, பழனியப்பன் கோயில் வகுப்பில் கற்றுக்கொண்ட தமிழ்.

“ஆசிக்கைக் கூப்பிடு. மதரஸாவுல தமிழ் படிச்சவன், அவனுக்கு வரும். அவனும் அங்க இருந்தவன்தானே.”

அங்கே என்றால் ஓமான் நாட்டுப் பாலைவனம். கடற்கரையிலிருந்து வண்டியில் ஏழு மணி நேரம் உள்ளே போனால், பூமிக்கடியிலிருந்து எண்ணெய் இறைக்கும் ஒரு முகாம். அதில் இருவரும் ஆறு வருஷம் வேலை பார்த்தார்கள். பழனியப்பனுக்கு அழுத்தமானிகளைப் பார்த்து மணிக்கொரு முறை எழுதிவைக்கும் வேலை. ஆசிக் அவரைவிட ஒன்பது வயது இளையவன்; உயரத்தில் ஏறி இரும்பு வேலை செய்பவன். தொட்டி, கோபுரம், குழாய்ப்பாலம் எதுவானாலும் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு ஏறிவிடுவான். ரங்கூனிலிருந்து வந்த தமிழர்கள் அந்த முகாமில் இவர்கள் இருவர்தான். ஒருவர் இந்து, ஒருவன் முஸ்லிம். ஆனால் மற்றவர்கள் தூங்கிய பிறகும் ஊர் மீன்குழம்புச் சேமியாவான மொஹிங்காவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க அங்கே வேறு ஆள் கிடையாது.

இப்போது ஆசிக் ரங்கூனிலேயே போட்டாதாங்கில் ஆற்றோரக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறான். கூப்பிட்டதும் வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்குத் தின்கன்ஜூன் போய், அந்த நோட்டில் நாலைந்து பக்கம் படித்துக் காட்டுவது அவன் வழக்கமாயிற்று.

நோட்டில் இருந்தது ஒரே விஷயம்தான். காக்கை.

ரங்கூன் முழுக்கக் கம்பியில் உட்கார்ந்து கத்துகிற சாம்பல் கழுத்துக் காக்கை அல்ல. பாலைவனத்து அண்டங்காக்கை. முகாமைச் சுற்றி அறுபது மைலுக்கு ஒரு தண்ணீர்க் கிணறு இல்லை, நிழலும் அபூர்வம். அந்த வெட்டவெளியில் ஒரு ஜோடி வந்து தங்கியது. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் பழனியப்பனுக்கு ஐம்பது நிமிஷம் சும்மா கிடந்தது. அவர் பார்த்தார். பார்த்ததை எழுதினார்.

ஆசிக் எழுத்துக்கூட்டிப் படிப்பான். பழனியப்பன் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

“‘ஜனவரி 19. கழுத்துக்குப் பின்னால் வெயில் பட்டால் பழுப்பு. பழைய செம்புக் குடம் மாதிரி. நிழலுக்குள் போனால் சுத்தக் கறுப்பு.’”

“ம்.”

“‘பிப்ரவரி 3. கம்பிக் கோபுரத்தின் மூன்றாவது தட்டில் கூடு கட்டுகின்றன. குச்சிக்கு வழியில்லை. கம்பித் துண்டு, கேபிள் கட்டும் பட்டை, ஒட்டக முடி. என் கிழிந்த பனியனில் பாதி.’”

பழனியப்பன் சிரித்துவிட்டார். “கொடியில காயப்போட்டிருந்தேன்டா. மிச்சப் பாதியப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன், ஞாபகம் இருக்கா?”

ஆசிக்குக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பறவைகளை அவன் அதிகம் பார்த்ததே இல்லை. படிக்கப் படிக்கத்தான் அவனுக்கு அந்த ஆறு வருஷத்தில் தன் தலைக்கு மேல் என்ன நடந்தது என்று தெரிந்தது. உச்சி வெயிலில் இரண்டும் கோபுரத்தின் நிழலுக்குள் நின்றுகொண்டு, வாயைப் பிளந்தபடி, நிழல் நகர நகரத் தாங்களும் ஓரடி ஓரடியாக நகர்ந்திருக்கின்றன. ஒட்டகம் வந்தால் அதன் முதுகில் ஏறி உண்ணி பொறுக்கியிருக்கின்றன. முகாமின் குப்பையில் கிடைத்த ரொட்டியை மணலில் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்திருக்கின்றன. ஒரு நாள் இன்னும் இரண்டு காக்கைகள் எங்கிருந்தோ வந்தபோது, முள்வால் பல்லி ஒன்று பொந்தைவிட்டு வெகுதூரம் வந்திருக்கிறது. இரண்டு காக்கைகள் பறந்துபோய்ப் பொந்தின் வாயில் உட்கார்ந்துகொண்டன. மற்ற இரண்டும் பல்லியைத் துரத்தின. அது வீட்டுக்கு ஓடியது; வீட்டு வாசலில் ஆள். இதைப் பழனியப்பன் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்.

அந்த இரண்டு பக்கம்தான் ஆசிக்கை இழுத்தது. நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தட்டச்சு செய்து தருவதாகச் சொன்னான். பழனியப்பன் சந்தோஷமாகக் கொடுத்தார். வீட்டில் உட்கார்ந்து அந்தப் பல்லி வேட்டையைப் பர்மிய மொழியில் எழுதி முகநூலில் போட்டான். எழுதும்போது ‘நான் பார்த்தேன்’ என்று வந்தது. ‘என் நண்பர் பார்த்தார்’ என்று எழுதினால் வாக்கியம் நீளமாக இருந்தது. அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் அதுதான்.

மறுநாள் அந்தப் பதிவை எண்ணூறு பேர் விரும்பியிருந்தார்கள். அவன் இதுவரை போட்ட எதையும் பதினைந்து பேருக்கு மேல் விரும்பியதில்லை. கிடங்கில் கூட வேலை பார்ப்பவர்கள் கைகுலுக்கினார்கள். அவன் மனைவி ஸமீரா அதைப் படித்துவிட்டு, “இவ்வளவு பார்த்திருக்கீங்க, எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே,” என்றாள். அதற்கு அவன் சிரித்துவைத்தான். அடுத்த வாரம் நிழலோடு நகர்வதைப் போட்டான். அதற்கடுத்த வாரம் கூட்டைப் பற்றி. பனியன் ‘என் பனியன்’ ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போலத் தின்கன்ஜூன் போய்ப் படித்துக் காட்டினான். பதிவுகளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஏழாவது ஞாயிறோ எட்டாவது ஞாயிறோ, நோட்டின் பாதியைத் தாண்டிய இடத்தில் ஒரு தேதி வந்தது. மார்ச் 27. அந்தத் தேதியைப் பார்த்ததுமே கீழே என்ன எழுதியிருக்கும் என்று ஆசிக்குக்குத் தெரிந்தது. பார்வை தானாக மூன்று வரி கீழே ஓடி, தன் பெயரில் போய் முட்டியது.

“என்னடா, கரன்ட் போயிருச்சா?” என்றார் பழனியப்பன்.

“இல்லண்ணே.” ஆசிக் நோட்டை மூடினான். “இதுக்கு மேல படிக்க முடியலண்ணே. தண்ணி பட்டிருக்கு. மை எல்லாம் கரைஞ்சு போயிருக்கு.”



“கடைசி வரைக்குமா?”

“ஆமாண்ணே. கடைசி வரைக்கும்.”

“அப்படியா,” என்றார். “மழைக்காலத்துல அலமாரி ஒழுகும். இருக்கும்.”

விஜயகுமாரி உள்ளேயிருந்து பேஜோ என்ற பருப்பு வடை பொரித்து எடுத்துவந்து வைத்தார். ஆசிக் இரண்டு தின்றான். நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான். ஒரு பக்கத்தில்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை.

மார்ச் 27 அன்று நடந்தது இதுதான். கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது தட்டில் கூடு. கூட்டில் மூன்று வாரத்துக் குஞ்சுகள் நாலு. இன்னும் மூன்று வாரம் விட்டால் பறந்துவிடும் என்று பழனியப்பன் மேலாளரிடம் கெஞ்சி, சரி, ஏப்ரல் கடைசியில் அடித்துக்கொள்ளலாம் என்று அனுமதியும் வாங்கியிருந்தார். ஆனால் ஆசிக்குக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் விடுப்பு. ஊரில் ஸமீராவோடு நிக்காஹ் குறித்திருந்தது. கையிலிருக்கும் வேலையை முடிக்காமல் போனால் விடுப்பைத் தள்ளிவைத்துவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம். யாரையும் கேட்கவில்லை. காலையில் ஏறினான், கூட்டைக் காலால் தள்ளினான், வர்ணம் அடித்தான். விடுப்பு கிடைத்தது. கேட்டிருந்தால் அப்போதும் கிடைத்திருக்கும் என்று திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

பழனியப்பன் அன்றும் அதற்குப் பிறகும் அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நிக்காஹ்வுக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்.

நோட்டு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் போக வேண்டிய தேவையும் போயிற்று. இந்த நேரத்தில்தான் பறவை பார்ப்போர் குழு ஒன்றின் தலைவி டோ கின் மே அவனைக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை. மாதம் ஒரு முறை நகரின் நடுவே கியாக்டடாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கூடுவார்களாம். பாலைவனத்துக் காக்கையைக் கண்ணால் பார்த்த ஆள் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள், வந்து பேசுங்கள் என்றார். அவன் இரண்டு நாள் யோசிப்பதாகச் சொல்லிவிட்டு, அரை மணி நேரத்தில் சரி என்று செய்தி அனுப்பினான்.

பேச்சுக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. குஞ்சுகள் என்ன ஆயின என்று யாராவது கேட்பார்கள். ஆசிக் ஒரு முடிவு எழுதினான். அதில் அவன் மேலாளரிடம் போய்க் கெஞ்சினான். மூன்று வாரம் அனுமதி வாங்கினான். நாலு குஞ்சும் பறந்தன. பழனியப்பன் செய்ததை எல்லாம் தான் செய்ததாக எழுதி, தான் செய்ததை மட்டும் விட்டுவிட்டான்.

கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். கரன்ட் இல்லை, கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகச் சூலே பகோடா பக்கத்துப் பஸ்களின் சத்தம் வந்தது. ஆசிக் புது லோஞ்சி கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஸமீரா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டோ கின் மே அவனை ‘செயா’ என்று, ஆசிரியரை அழைப்பதுபோல அழைத்து அறிமுகப்படுத்தினார். அவனை வாழ்க்கையில் யாரும் அப்படி அழைத்ததில்லை.

பேசத் தொடங்கிப் பத்து நிமிஷம் இருக்கும். கதவு திறந்தது. விஜயகுமாரி உள்ளே வந்தார். அவர் தோளில் ஒரு கையை வைத்தபடி பின்னால் பழனியப்பன் வந்தார்.

ஆசிக் ஸமீராவைப் பார்த்தான். அவள் முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பிக் கையசைத்தாள். அவள்தான் போன் செய்திருக்கிறாள். கூட வேலை செய்தவர், அவருக்கும் கேட்க ஆசையாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்கலாம். ‘இதையெல்லாம் பார்த்தவர் இதோ வந்துவிட்டார்’ என்று ஒரு வரி போதும். கூட்டம் கைதட்டி அவரை முன்னால் உட்காரவைத்திருக்கும், எல்லாம் நேராகியிருக்கும். அந்த வரி அவன் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் பத்து நிமிஷம் ‘நான்’ ‘நான்’ என்று பேசியாகிவிட்டது. நாற்பது முகமும் அவனைப் பார்த்தன. அவன் காகிதத்தைப் புரட்டி, அடுத்த ‘நான்’ எங்கே இருந்ததோ அங்கிருந்து தொடர்ந்தான்.

பழனியப்பன் கடைசி வரிசையில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பாரே, அதே மாதிரி. பனியன் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விஜயகுமாரி மட்டும் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார்.

பேச்சு முடிந்ததும் வனத்துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எழுந்தார். “பெண் காக்கை அடையில் இருக்கும்போது ஆண் மாற்றி உட்காருமா? நீங்கள் அவ்வளவு நாள் பார்த்திருக்கிறீர்கள். அதைத் தெரிந்துகொள்ள ஆசை.”

நோட்டில் அது எங்கோ இருந்தது. ஆசிக் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தான். ஆனால் எது எதை ஊட்டியது, எது உட்கார்ந்தது என்று மனதில் நிற்கவில்லை. 

“உட்காரும்,” என்றான். பிறகு, “சில சமயம்,” என்றான்.

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. நிதானமான பர்மிய மொழி.

“நானும் அங்கே வேலை பார்த்தவன். அனுமதித்தால் சொல்கிறேன். ஆண் உட்காராது. இரை கொண்டுவந்து ஊட்டும். வரும்போது நேராகக் கூட்டுக்கு வராது. முதலில் தொட்டியின் மேல் இறங்கி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வரும். பெண் இரண்டு நிமிஷம் எழுந்து போகும். அந்த இரண்டு நிமிஷமும் ஆண் கூட்டின் விளிம்பில் சிறகை விரித்துக்கொண்டு நிற்கும். வெயில் முட்டையில் படக்கூடாது. எங்கள் செயா சில சமயம் என்று சொன்னது அதைத்தான்.”

பெரியவர் மகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டார். ஆசிக்குக்குக் காது சூடேறியது. ‘எங்கள் செயா.’ பழனியப்பன் கிண்டலாகச் சொல்லவில்லை. அவனை விழாமல் பிடித்திருந்தார்.

டோ கின் மே ஆர்வமாகத் திரும்பினார். “அப்படியானால் அந்த நாலு குஞ்சும் பறந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்களே?”

 பழனியப்பன் கைத்தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“அந்தக் கோபுரத்தைப் பற்றி அவர்தான் சொல்ல வேண்டும்,” என்றார். “அவரே மேலே ஏறிப் பார்த்தவர்.”

எல்லோரும் ஆசிக் பக்கம் திரும்பினார்கள்.

“பறந்தன,” என்றான் ஆசிக். “நாலும்.”

கைதட்டினார்கள்.

மாடிப்படியில் அவர்களைப் பிடித்தான். “டாக்ஸி பிடிச்சுத் தர்றேண்ணே,” என்றான். கையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று முழங்கையை நீட்டினான். எப்போதும் அப்படித்தான் அவரைப் படியிறக்குவான். பழனியப்பனுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அவர் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

“பஸ்ஸுலயே போயிருவோம் தம்பி.”

 விஜயகுமாரி இரண்டு படி இறங்கியபின் திரும்பி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நேராக நிற்க முடியாமல் ஆசிக் கீழே தன் செருப்பைப் பார்த்தான்.

 அடுத்த பத்து நாளும் முகநூலில் பாராட்டு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் யாரோ கன்னத்தில் தட்டுவதுபோல இருந்தது. கடைசியில் பதிவுகளை ஒவ்வொன்றாக நீக்கினான். நீக்கியதாலும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு காலையில் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஸமீராவிடம் சொல்லிவிட்டான். முதலில் பதிவுகளைச் சொன்னான். பிறகு நோட்டை. பிறகு கூட்டை.

அவள் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். நிக்காஹ்வுக்காகத்தான் அவசரப்பட்டேன் என்று அவன் சொன்னபோது மட்டும் கையை உயர்த்தினாள்.

“அதுல என்னைச் சேர்க்காதீங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “கண்ணு தெரியாத மனுஷன்கிட்டப் போய்த் தண்ணி பட்டுப்போச்சுன்னு சொன்னீங்களா?” என்றாள்.  அவள் மறுபடியும் அதையே கேட்டாள். கோபத்தில் அல்ல. நிஜமாகவே அவளால் நம்ப முடியவில்லை.

அந்த ஞாயிறு நோட்டை எடுத்துக்கொண்டு தின்கன்ஜூன் போனான். கதவைத் திறந்த விஜயகுமாரி உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போனார்.

பழனியப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டார்.

“என்னப்பா, தண்ணி காஞ்சிருச்சா?”

ஆசிக் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. “அண்ணே,” என்றான். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

பழனியப்பன் அவனைத் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

“உங்களுக்கு அன்னைக்கே தெரியுமாண்ணே? தண்ணி படலன்னு?”

“ஒவ்வொரு மழைக்கும் முன்னால பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டிவச்சவன்டா நான். எனக்குத் தெரியாதா?” என்றார். “எந்தப் பக்கத்துல நிறுத்துனன்னும் தெரியும். சரி, படிக்க வெக்கப்படுறான், ஒரு வாரம் ரெண்டு வாரத்துல வந்து படிச்சிருவான்னு இருந்தேன். நீ வரல. ஸமீரா போன் பண்ணுச்சு. சந்தோஷமா வந்தேன். நீ என் பேரச் சொல்லுவேன்னு நெனச்சுத்தான் வந்தேன், அதையும் சொல்லிர்றேன்.”

ஆசிக் தலையைத் தூக்கவில்லை.

“கூட்ட இறக்குனதுக்கு நான் உன்னைக் கேக்கலடா. கல்யாணத்துக்குப் போற அவசரம், புத்தி அப்படித்தான் போகும். என் பேரச் சொல்லாததக்கூட விடு. பறந்துச்சுன்னு சொன்ன பாரு. நாலும் பறந்துச்சுன்னு. அதுக அன்னைக்குச் செத்துச்சுடா. செத்ததப் போயிப் பறந்துச்சுன்னு சொல்லிக் கைதட்டு வாங்குனியே, அதத்தான் என்னால முழுங்க முடியல.”



“படி,” என்றார்.

ஆசிக் நோட்டை விரித்தான். 

“‘மார்ச் 27. காற்று இல்லை. காலை ஏழேகாலுக்கு ஆசிக் கோபுரத்தில் ஏறினான். கூட்டைத் தள்ளினான். நாலு குஞ்சு. இரண்டு விழுந்தபோதே செத்தன. இரண்டு பத்து மணி வரை உயிரோடு இருந்தன. தண்ணீர் விட்டேன், குடிக்கவில்லை. தாய் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆசிக் சாப்பிடப் போய்விட்டான்.’”

சாப்பிடப் போனது அவனுக்கு நினைவே இல்லை. என்ன சாப்பிட்டான் என்றும் தெரியவில்லை. அந்தக் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

“இத அங்க போயிப் படி,” என்றார் பழனியப்பன். “அதே ஆளுங்ககிட்ட.”

“நீங்களும் வர்றீங்களாண்ணே?”

“நான் எதுக்கு? அது உன் வேலை.”

அடுத்த மாதக் கூட்டத்தில் ஆசிக் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கினான். இந்த முறை இருபத்தைந்து பேர்தான் இருந்தார்கள். நோட்டைக் காட்டினான். யாருடையது என்று சொன்னான். போன முறை வந்திருந்த கண் தெரியாதவர்தான் அவர் என்றான். பிறகு மார்ச் 27-ஐப் பர்மிய மொழியில் சொன்னான். ‘ஆசிக் ஏறினான்’ என்ற இடத்தில் ‘நான் ஏறினேன்’ என்று சொன்னான். ‘ஆசிக் சாப்பிடப் போய்விட்டான்’ என்பதையும் விடவில்லை.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வனத்துறைப் பெரியவர் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, போன மாதம் எழுதிய பக்கத்தைத் தேடி, ஆசிக்கின் பேர் இருந்த ஒரே ஒரு வரியை அடித்தார். பிறகு அதற்கு மேலே பேரை மாற்றி எழுத, “அவர் பேர் என்ன? எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்,” என்றார். ஆசிக் சொன்னான். டோ கின் மே நன்றி என்று மட்டும் சொல்லி அடுத்தவரைப் பேச அழைத்தார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் அவனைச் செயா என்று அழைக்கவில்லை. எல்லோரையும் அழைப்பதுபோல, கோ ஆசிக் என்றார்கள்.

பழனியப்பனைப் பேச அழைத்தார்கள். தனக்கு மேடை ஆகாது என்று மறுத்துவிட்டார். வேண்டுமானால் நோட்டு முழுவதையும் பர்மிய மொழியில் எழுதித் தருகிறோம், ஆசிக் எழுதுவான், கூடவே நான் இருப்பேன் என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடி தொடங்கின. விஜயகுமாரி அவனுக்கு முன்னால் தேநீரைக் கொண்டுவந்து வைப்பார். ஆனால் முன்போல ‘தம்பி’ என்று ஒரு வார்த்தை கிடையாது. ஸமீரா எப்படி இருக்கிறாள் என்று கேட்பதுகூட ஸமீராவிடமே போனில் கேட்டுக்கொள்வார். அதை மாற்ற என்ன செய்வதென்று ஆசிக்குக்குத் தெரியவில்லை. குவளையைக் கழுவி வைத்துவிட்டு வருவான்.

மார்ச் 27-க்குப் பிறகு பதினோரு நாள் அந்த ஜோடி கோபுரத்துக்கு வந்துபோனதாக எழுதியிருந்தது. அதற்கப்புறம் வெறும் அழுத்தமானி எண்களும் வானிலையும். பிறகு அடுத்த வருஷம் வந்தது. ஆசிக் படித்துக்கொண்டே போனான்.

“‘பிப்ரவரி 10, வெள்ளி. வறண்ட ஓடைக்கு அப்பால் தனியாக நிற்கும் கருவேல மரத்தில் அதே ஜோடி. ஆணின் வலது காலில் ஒரு விரல் இல்லாததால் அடையாளம் தெரிந்தது. முகாமிலிருந்து நாற்பது நிமிஷ நடை. யாரிடமும் சொல்லவில்லை. எங்கே போகிறீர்கள் என்று ஆசிக் கேட்டான். கால் வலிக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். நானும் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.’”

ஆசிக் நிறுத்தினான். அந்த வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் அவர் தனியாக நடந்து போனது அவனுக்கு இப்போது ஞாபகம் வந்தது. ஊர் நினைப்பில் போகிறார் என்று நினைத்திருந்தான். முகாமில் அவருக்கு இருந்த ஒரே சொந்தம் அவன்தான். அவனிடமிருந்துதான் அந்தக் கூட்டை ஒளித்திருக்கிறார்.

“நிறுத்தாத,” என்றார் பழனியப்பன்.

ஆசிக் படித்தான். மார்ச் முழுவதும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக இருந்தது. பக்கத்தைத் திருப்பினான்.

“‘ஏப்ரல் 21. மூன்று பறந்தன.’”

“மூணா?” பழனியப்பன் தலையை நிமிர்த்தினார். “நாலுல்ல? நான் இத்தனை வருஷமா நாலுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“மூணுன்னுதாண்ணே எழுதியிருக்கு.”

“நல்லாப் பாரு.”

ஆசிக் நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். மை தெளிவாக இருந்தது.

“மூணுதாண்ணே.”

பழனியப்பன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“அப்ப மூணுதான்,” என்றார். “மேல படி.”